வேகமும் உறக்கமும்: ஒரு செயலியின் இரு தாமதங்கள்

கனடாவின் ஒட்டாவா நகரில் ஆண்டுதோறும் நடந்துவந்த லினக்ஸ் கருத்தரங்கில், 2006-இல் வெங்கடேஷ் பள்ளிபாடியும் அலெக்சி ஸ்டாரிகோவ்ஸ்கியும் ஆன்டிமாண்ட் கவர்னரைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார்கள். மறு ஆண்டு அதே கருத்தரங்கில் பள்ளிபாடி, ஷாவ்ஹுவா லீ, ஆடம் பெலே ஆகிய மூவரும் சிபியூஐடில் பற்றி எழுதினார்கள். முதல் கட்டுரை, வேலை இருக்கும்போது செயலி எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று கேட்டது. இரண்டாவது, வேலை இல்லாதபோது அது எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்று கேட்டது. இரண்டிலும் ஒருவர் கை இருந்தும், கெர்னலுக்குள் இவ்விரண்டும் தனித்தனிக் கோப்புறைகளாக, எந்த நிலை வேண்டும் என்று தீர்மானிக்கும் தனித்தனிக் கவர்னர்களோடும், அதை வன்பொருளில் நிறைவேற்றும் தனித்தனி டிரைவர்களோடும் வளர்ந்தன.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை யார் அளப்பது, எந்த அலகில் எழுதுவது, எழுதிய எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதிர்வெண் பக்கம் ஒரு விடை சொன்னது. உறக்கப் பக்கம் வேறு விடை சொன்னது. அருகருகே வைத்துப் படித்தால், முதலில் கண்ணில் படுவது வேற்றுமை. இன்னும் சற்று நேரம் பார்த்தால், இரு பக்கமும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன என்பது தெளிவாகிறது. உறக்கப் பக்கம் தொடக்கத்திலேயே இரண்டு எண்களாகப் பிரித்து எழுதிய ஒன்றை, அதிர்வெண் பக்கம் பல ஆண்டுகள் ஒற்றை எண்ணுக்குள் அடக்க முயன்றது. அதன் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்கின என்பது என் கருத்து.

எண்களிலிருந்தே தொடங்குவோம். இன்டெல்ஐடில் டிரைவரில் ஸ்கைலேக் செயலிக்கான பட்டியலில் ஒவ்வொரு உறக்க நிலைக்கும் மைக்ரோ நொடியில் இரண்டு எண்கள் உள்ளன. சி1 நிலைக்கு 2, 2. சி1ஈ நிலைக்கு 10, 20. சி6 நிலைக்கு 85, 200. மிக ஆழமான சி10 நிலைக்கு 890, 5000. முதல் எண் விழிப்புத் தாமதம்: எழுப்பிய பிறகு முதல் கட்டளை ஓடத் தொடங்க அதிகபட்சம் ஆகும் நேரம். இரண்டாவது தங்கல் காலம்: இந்த நிலைக்குப் போனது மின்சாரக் கணக்கில் லாபமாக வேண்டுமானால் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் அங்கே இருக்க வேண்டும் என்பது.

அதிர்வெண் பக்கம் போனால் இப்படிப்பட்ட பட்டியல் இல்லை. டிரைவர் கெர்னலுக்குத் தரும் தாமதக் கணக்கு ஒரே ஒரு எண், நானோ நொடியில். இன்டெல் பிஸ்டேட் டிரைவர் பாஸிவ் முறையில் 20,000 என்று எழுதுகிறது. ஏஎம்டி பிஸ்டேட் டிரைவரும் அதே 20,000 என்றுதான் எழுதுகிறது. எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 800 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஒரு படி ஏறினாலும் உச்சிக்கே தாவினாலும் எண் ஒன்றுதான். உறக்கப் பக்கத்தில் ஆழம் கூடக் கூட விலையும் கூடுகிறது. வேகப் பக்கத்தில் எல்லாத் தாவலுக்கும் ஒரே விலை.

இந்த வேற்றுமையை உடனே குறையென்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு வன்பொருளில் காரணம் இருக்கிறது. செயலி சி10 போன்ற நிலைக்குப் போகும்போது கேஷ் காலியாகிறது, மின்னழுத்தம் அறுபடுகிறது, பதிவகங்களின் உள்ளடக்கத்தைப் பத்திரப்படுத்தித் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. சி1-இல் கடிகாரம் மட்டுமே நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே எண்ணால் குறிப்பது அபத்தம். அதிர்வெண் மாற்றத்திலோ எல்லாத் தாவலிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றே: மின்னழுத்தம் ஒரு மட்டத்துக்கு வர வேண்டும், கடிகாரத் துடிப்பை உருவாக்கும் பிஎல்எல் சுற்று புதிய அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏறும்போது முதலில் மின்னழுத்தம், பிறகு அதிர்வெண். இறங்கும்போது முதலில் அதிர்வெண், பிறகு மின்னழுத்தம். ஆகவே மோசமான நிகழ்வுக்கு உரிய ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதும் என்று தொடக்கத்தில் நினைத்தது நியாயமே.

ஆனால் எதற்கு அந்த எண் என்பதில்தான் இரு பக்கமும் பிரிகின்றன. உறக்கப் பக்கத்தில் விழிப்புத் தாமதம் என்பது பிறருக்குக் கொடுக்கும் வாக்கு. ஒலிப்பதிவு நிரலோ, நெட்வொர்க் அட்டையோ, நிகழ்நேரப் பணியோ ‘எனக்கு இத்தனை மைக்ரோ நொடிக்கு மேல் தாமதம் கூடாது’ என்று கெர்னலிடம் சொல்லலாம். சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து, எல்லையை எழுதி, கோப்பை மூடாமல் வைத்திருக்கும்வரை அந்த எல்லை செல்லும். பலர் கேட்டால் மிகக் குறைந்த எண் வெல்லும். கவர்னர், விழிப்புத் தாமதம் அந்த எல்லையைத் தாண்டும் நிலைகளைத் தொடவே தொடாது. அதனால்தான் அந்த எண்ணின் இலக்கணம் இறுக்கமானது. செயலி உறக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்து, முழுவதும் இறங்கித்தான் ஏற முடியும் என்றால், அந்த இறங்கும் நேரமும் விழிப்புத் தாமதத்தில் அடங்க வேண்டும் என்று கெர்னல் ஆவணம் வரையறுக்கிறது.

அதிர்வெண் பக்கத்தில் அந்த எண் யாருக்கும் கொடுத்த வாக்கு அல்ல. குறைந்தபட்ச, அதிகபட்ச வேகத்தைக் கேட்க வழியுண்டு; ‘இவ்வளவுக்கு மேல் தாமதிக்கும் வேக மாற்றம் வேண்டாம்’ என்று கேட்க வழியில்லை. அந்த எண் கவர்னருக்கு மட்டுமே. கவர்னரும் அதை எல்லையாகப் பார்க்கவில்லை. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை சுமையைப் பார்க்கலாம் என்ற இடைவெளியைக் கணிக்கும் விதையாகப் பார்த்தது. தாமதத்தை 1000-ஆல் பெருக்கு; அதுவே இடைவெளி. 10 மைக்ரோ நொடித் தாமதம் என்றால் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை. மாற்றத்தில் செலவாகும் நேரம், மொத்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதே இதன் உட்பொருள்.

எதிர்பாராத உறவு இங்கேதான் வெளிப்படுகிறது. உறக்கப் பட்டியலின் இரண்டாவது நெடுவரிசை என்ன சொல்கிறது? மாறியதற்கான செலவு ஈடாகும்வரை அங்கேயே இரு என்கிறது. அதிர்வெண் பக்கத்தின் 1000 என்ன சொல்கிறது? மாறியதற்கான செலவு அற்பமாகும்வரை மறுபடி மாறாதே என்கிறது. இரண்டுமே தங்கல் காலம்தான். ஒன்று வன்பொருள்காரர் நிலைதோறும் எழுதிய எண். மற்றொன்று எல்லா வன்பொருளுக்கும் சேர்த்துக் கெர்னலில் ஒரே இடத்தில் எழுதிய பெருக்கல் எண். ஸ்கைலேக் பட்டியலில் இவ்விரு எண்களின் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: சி1ஈ-க்கு 2 மடங்கு, சி6-க்கு ஏறத்தாழ 2.4, சி10-க்கு 5.6. அதற்கு முந்தைய நெஹலெம் செயலியில் சி3-க்கு 20, 80. சி6-க்கு 200, 800. இரண்டிலும் சரியாக 4 மடங்கு. உறக்கப் பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கும் விகிதம், அதிர்வெண் பக்கத்தில் 1000. ஒரே கணக்குக்கு இவ்வளவு தொலைவான இரண்டு விடைகள்.

எது சரி? இரண்டுக்கும் நியாயம் உண்டு. உறங்கும் செயலி, தானாக அங்கே நீடிப்பதில்லை. வெளியிலிருந்து ஓர் இன்டரப்ட் வந்து எழுப்பிவிடும். எத்தனை முறை மாறுவது என்பது அதன் கையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ‘இந்த உறக்கம் லாபமா’ என்று கேட்டால் போதும். ஓடும் செயலியின் வேகத்தை மாற்றுவதோ முழுக்க முழுக்கக் கவர்னரின் விருப்பம். அது விரும்பினால் நொடிக்கு ஆயிரம் முறையும் மாற்றலாம். கட்டுப்படுத்த வேறு எதுவும் இல்லை. சிக்னலில் எஞ்சினை அணைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வினாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும் பலகை உண்டு. கியர் மாற்றுபவருக்கு அப்படிப் பலகை இல்லை, சாலையைப் பார்த்துத் தானே முடிவெடுக்க வேண்டும். கெர்னலிலும் அப்படித்தான். உறங்கப் போகும் செயலிக்கு அடுத்த டைமர் எப்போது என்பது தெரியும். உறக்கப் பக்கத்தின் மெனு கவர்னர் அதைப் பார்க்கிறது. கூடவே அண்மையில் உறங்கிய 8 இடைவெளிகளை எடுத்து, அவற்றில் ஒழுங்கு தெரிந்தால் அதை நம்புகிறது. அதிர்வெண் கவர்னருக்கு எதிர்காலத்திலிருந்து எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. ஆன்டிமாண்ட் கடந்த இடைவெளியின் சுமையைப் பார்த்தது. 2016-இல் 4.7 பதிப்பில் வந்த ஷெட்யூட்டில் கவர்னர், 32 மில்லி நொடிக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் நினைவைக் கொண்டு முடிவெடுக்கிறது. ஒரு பக்கம் எட்டு நிகழ்வுகள். மறுபக்கம் தேய்ந்து மறையும் சராசரி. இரண்டும் கடந்ததை வைத்து வருவதைக் கணிப்பவையே.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலும் இந்த இரட்டையர் ஒத்திருக்கிறார்கள். இருவருக்கும் முதல் ஊற்று ஏசிபிஐ அட்டவணை; அதாவது பயாஸ் எழுதியவரின் சொல். வேக நிலைகளின் அட்டவணையில் அதிர்வெண், மின்திறன், தாமதம் என்று தொடரும் ஆறு எண்களில் மூன்றாவது மாற்றத் தாமதம். உறக்க நிலைகளின் அட்டவணையிலும் தாமதத்துக்கு ஓர் இடம் உண்டு. பயாஸ் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்ற பாடத்தையும் இருவரும் ஒரே விதமாகக் கற்றார்கள். ஏசிபிஐ சிபியூஃப்ரீக் டிரைவரில் இன்றும் ஒரு குறிப்பு இருக்கிறது: திங்க்பேட் டீ42 மடிக்கணினியைப் போன்ற தவறான பயாஸ்கள் 20 மைக்ரோ நொடிக்கு மேல் எழுதிவைத்தால் 20-ஆகக் குறைத்துக்கொள் என்று. ஏன் இந்த அக்கறை என்பது 1000-ஐ நினைத்தால் விளங்கும். 100 மைக்ரோ நொடி என்று எழுதிய பயாஸ், கவர்னரின் கண்ணை நொடிக்குப் பத்து முறைதான் திறக்கவிட்டிருக்கும்.

உறக்கப் பக்கத்தில் பயாஸின் பிழையிலிருந்து காக்க வேறு வழி எடுத்தார்கள். இன்டெல் செயலிகளுக்கான பட்டியலை இன்டெல்ஐடில் டிரைவருக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். லென் பிரவுன் எழுதிய இந்த டிரைவர் 2010-இல் வந்தது. ஒரு பக்கம் பயாஸின் எண்ணுக்கு உச்சவரம்பு. மறுபக்கம் பயாஸின் எண்ணுக்கு மாற்றே. எனக்கு இரண்டாவது வழி பிடிக்கிறது. ஏனெனில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்கலாம், அளந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹாக்கன்பெர்க், ராபர்ட் ஷோனே முதலியோர் இன்டெல் ஹாஸ்வெல் சர்வர் செயலியை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை இந்த ஒப்பீட்டுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. அதிர்வெண் மாற்றக் கோரிக்கைகளை அந்தச் செயலி உடனுக்குடன் நிறைவேற்றுவதில்லை. ஏறத்தாழ 500 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வரும் வாய்ப்புக்காகக் காத்திருந்து நிறைவேற்றுகிறது. ஆகவே கோரிக்கைக்கும் மாற்றத்துக்கும் இடையே சில பத்து மைக்ரோ நொடிகளும் ஆகலாம், 500-ஐ ஒட்டியும் ஆகலாம். ஏசிபிஐ அட்டவணை சொன்னதோ 10. அதே கட்டுரை உறக்க நிலைகளையும் அளந்தது. அட்டவணையில் சி3-க்கு 33, சி6-க்கு 133 என்று இருந்தது; அளந்தபோது விழிப்பு அதைவிட விரைவாகவே நடந்தது.

ஒரே செயலி, ஒரே அட்டவணை. வேகத்தின் தாமதத்தைக் குறைத்துச் சொல்கிறது, உறக்கத்தின் தாமதத்தைக் கூட்டிச் சொல்கிறது. இதைப் பிழை என்று மட்டும் ஒதுக்கிவிட்டால் ஒரு நல்ல தடயத்தை இழப்போம். உறக்கத்தின் எண் அதிகபட்ச எல்லை. பிறருக்குக் கொடுத்த வாக்கு மீறப்படக் கூடாது என்பதால் அது தாராளமாக எழுதப்பட்டது. வேகத்தின் எண் யாருக்கும் வாக்கு அல்ல. அது செயலி உண்மையில் நின்றுபோகும் நேரத்தைக் குறிக்கிறதா, கேட்ட வேகம் கைக்கு வரும்வரை ஆகும் நேரத்தைக் குறிக்கிறதா என்பதே தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 2003-இல் வந்த பென்டியம் எம் காலத்தில் இந்த இரண்டும் பிரியத் தொடங்கிவிட்டன. அங்கே மின்னழுத்தம் படிப்படியாக ஏறும்போது செயலி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தது. பிஎல்எல் பூட்டிக்கொள்ளும் சிறு பொழுது மட்டும்தான் நின்றது. நின்ற நேரத்தை எழுதினால் எண் சிறியது. பலன் கிடைக்கும் நேரத்தை எழுதினால் எண் பெரியது. கவர்னருக்கு வேண்டியது இரண்டாவது. அட்டவணையில் பெரும்பாலும் இருந்தது முதலாவது. 1000 என்ற பெரிய பெருக்கல் எண் இந்தப் பள்ளத்தை யாரும் கேட்காமலே நிரப்பிவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாஸ்வெல்லின் 10 மைக்ரோ நொடியை 1000-ஆல் பெருக்கினால் 10 மில்லி நொடி. உண்மையான 500 மைக்ரோ நொடிக்கு அது வசதியாக மேலே நிற்கிறது.

இனி, எண்ணே இல்லாதபோது என்ன செய்வது? இரு பக்கமும் இதற்கும் ஒத்த விடையே கண்டன. ஏசிபிஐயின் பழைய அட்டவணையில் சி2-வின் தாமதம் 100 மைக்ரோ நொடிக்கு மேல் இருந்தால், அந்த நிலை இல்லை என்று பொருள். சி3-க்கு அந்த எல்லை 1000. தாமதத்துக்கான இடத்தில் எழுதிய ஒரு பெரிய எண், ‘வேண்டாம்’ என்ற சொல்லின் வேலையைச் செய்கிறது. அதிர்வெண் பக்கத்திலும் அப்படி ஒரு எண் இருந்தது. அதன் பெயர் எட்டர்னல். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணான 4294967295. தாமதம் தெரியாத டிரைவர்கள் அதை எழுதின. ஆர்ம் பலகைகளுக்கான சிபியூஃப்ரீக்-டிடி டிரைவர், பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் தாமதம் குறிப்பிடப்படவில்லை என்றால் அதைத்தான் போட்டது. எஸ்சிஎம்ஐ, எஸ்சிபிஐ டிரைவர்களும் அவ்வாறே.

தொடக்கத்தில் இந்த எண் பாதுகாப்பாகவே இருந்தது. 10 மில்லி நொடிக்கு மேல் தாமதம் சொல்லும் வன்பொருளில் ஆன்டிமாண்ட் போன்ற கவர்னர்கள் ஓட மறுத்துவிடும். கெர்னல் வேறு கவர்னருக்குப் போய்விடும். எட்டர்னல் என்றால் தானாக வேகம் மாற்றும் வேலை இங்கே இல்லை என்று பொருள். உறக்கப் பக்கத்தின் 100, 1000 எல்லைகளோடு இது அச்சொத்தது. ஆனால் அடுத்து நடந்தவற்றில் பாதைகள் பிரிந்தன. உறக்கப் பக்கத்தில் எல்லைச் சோதனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதிர்வெண் பக்கத்தில் 2017-இல், 4.14 பதிப்பை ஒட்டி, அந்தத் தடை எடுக்கப்பட்டது. விரேஷ் குமார் செய்த திருத்தம் அது. தாமதத்தை வைத்துக் கவர்னரை விலக்குவது பல ஆர்ம் பலகைகளுக்கு நியாயமில்லாமல் இருந்தது என்பதால் மாற்றம் வரவேற்கத்தக்கதே. கூடவே, பெருக்கி வரும் இடைவெளி எவ்வளவு பெரிதாயினும் 10 மில்லி நொடிக்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பும் வந்தது. எட்டர்னலின் முதல் காவல் போனது, இரண்டாவது காவல் வந்தது.

2024-இல் கைஸ் யூசெஃப் அனுப்பிய திருத்தங்களால் இந்தக் கணக்கு முழுதும் மறுபடி எழுதப்பட்டது. முதலில் உச்சவரம்பு 10-இலிருந்து 2 மில்லி நொடிக்கு இறங்கியது. ஆர்மின் ஜூனோ போன்ற பலகைகளில் உண்மையான தாமதம் அந்த வரம்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், டிரைவர் வரம்புக்கு மேல் எண் சொன்னால் அதையே ஏற்றுக்கொள் என்ற விதியும் வந்தது. பிறகு 1000 என்ற பெருக்கல் எண்ணே நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்தது தாமதமும் அதில் பாதியும்: 1.5 மடங்கு. உறக்கப் பட்டியலோடு ஒப்பிட்டபோது 1000-க்கும் 4-க்கும் இருந்த தொலைவை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதிர்வெண் பக்கம் உறக்கப் பக்கத்தின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. சி1ஈ-யின் 2 மடங்கைக்கூடத் தாண்டிக் கீழே போய்விட்டது.

மாற்றம் நியாயமானதே. இன்றைய வன்பொருள் வேகமானது; ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கஞ்சத்தனம் இப்போது தேவையில்லை. ஆனால் எட்டர்னலுக்கு இருந்த கடைசிக் காவலும் இந்த மாற்றத்தில் போனது. 4294967295 நானோ நொடியை மைக்ரோ நொடியாக்கி, அதில் பாதியைச் சேர்த்தால் 6442450. ஆறரை நொடி, சற்றுக் குறைவு. 6.6 பதிப்பில் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை சுமையைப் பார்த்த கவர்னர், 6.12 பதிப்பில் ஆறரை நொடிக்கு ஒருமுறை பார்த்தது. சுமை ஏறியபோது வேகம் ஏறவில்லை. ஷெட்யூட்டில் பயன்படுத்தியவர்களுக்கு நேர்மாறான துன்பம்: சும்மா இருக்கும் சாதனம் மிகக் குறைந்த வேகத்தில் கழிக்கும் நேரம் குறைந்து, மின்சாரம் கூடச் செலவானது. ‘தெரியாது’ என்பதற்குப் பதிலாக எழுதிய எண்ணைக் கெர்னல் உண்மையான நேரமாக எடுத்துக்கொண்டது.

இதற்குச் சமமான நிகழ்வு உறக்கப் பக்கத்தில் இல்லையென்று நினைத்தால், அதே டிரெஸ்டன் குழுவின் வேறொரு ஆய்வு குறுக்கே வருகிறது. தாமஸ் இல்ஷெ முதலியோர் 2017-இல் எழுதியது. அவர்கள் அதற்கு ‘பவர்நைட்மேர்’ என்று பெயர் வைத்தார்கள். அண்மைய எட்டு உறக்கங்களும் குறுகியவையாக இருந்தால், அடுத்ததும் குறுகியதே என்று மெனு கவர்னர் கணித்து, ஆழமில்லாத நிலையைத் தேர்ந்தெடுக்கும். அதேசமயம், செயலிக்கு வேலையில்லை என்பதால் கெர்னல் குறித்த இடைவெளியில் வரும் டைமர் துடிப்பான தன் டிக்கையும் நிறுத்திவிடும். கணிப்பு தவறி, உண்மையில் நீண்ட ஓய்வு வந்தால்? எழுப்ப டிக் இல்லை. எழுந்தால்தானே மறுபடி யோசிக்க முடியும். ஆழமான உறக்கத்துக்கு உரிய நீண்ட பொழுதைச் செயலி மேலோட்டமான உறக்கத்தில், பல நொடிகள்கூட, கழித்துவிடும்.

இந்த இரண்டு விபத்துகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஓரம் பிசகாமல் பொருந்துகின்றன. தவறான நிலை என்பது சிறு பிழை. எந்தக் கவர்னரும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் செய்வது. அதைத் திருத்தும் அடுத்த வாய்ப்பு சில நொடிகளுக்கு வராமல் போனதுதான் பெரும்பிழை. உறக்கப் பக்கத்தில் வாய்ப்பைப் பறித்தது நின்றுபோன டிக். வேகப் பக்கத்தில் பறித்தது பெருத்துப்போன இடைவெளி. தீர்வுகளும் ஒரே குடும்பம். ரஃபாயெல் விசோட்ஸ்கி 2018-இல் 4.17 பதிப்பில் உறக்கச் சுற்றை மாற்றி அமைத்தார்: கவர்னர் குறுகிய உறக்கத்தை எதிர்பார்த்தால் டிக்கை நிறுத்தாதே, கணிப்பு தவறினால் டிக் எழுப்பிவிடும், மறுபடி தேர்ந்தெடுக்கலாம். 2025-இல் அதிர்வெண் பக்கத்திலும் அவரே எட்டர்னலின் இடத்தில் 1 மில்லி நொடி என்ற இயல்பு எண்ணை வைத்தார். தாமதம் தெரியாத டிரைவர் இனி எல்லையில்லாக் காலத்தைச் சொல்லாது. 1,000,000 நானோ நொடி என்று சொல்லும். வெங்கடேஷ் பள்ளிபாடிக்குப் பிறகு இரு பக்கத்திலும் ஒரே கையைக் காண்பது இது இரண்டாம் முறை.

சிறியதாயினும் இன்னோர் ஒற்றுமையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரே கடிகாரத்தைப் பல செயலிகள் பகிர்ந்தால், மிக அதிக வேகம் கேட்பவரின் சொல்லே நிற்கும். ஒரே தொகுப்பில் பல செயலிகள் உறங்கினால், மிக மேலோட்டமாக உறங்குபவரின் நிலைக்கு மேல் தொகுப்பு ஆழமாகப் போகாது. வட்டுக்காகக் காத்திருக்கும் பணிகளைக் கண்டால் ஷெட்யூட்டில் வேகத்தைக் கூட்டும். நெடுங்காலம் மெனு கவர்னரும் அதே பணிகளைக் கண்டு ஆழத்தைக் குறைத்தது. இரு பக்கமும் பொறுமையற்றவருக்கே முன்னுரிமை தருகின்றன; மற்ற செயலிகளின் சேமிப்பு அதற்காக விட்டுக்கொடுக்கப்படுகிறது.

மீண்டும் இரண்டாவது நெடுவரிசைக்கு வருவோம். அதிர்வெண் பக்கத்தில் அது முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 2017-இல் டிரைவர் தன் விருப்ப இடைவெளியைத் தாமதத்திலிருந்து தனியாகச் சொல்லும் ஓர் இடத்தை விசோட்ஸ்கி சேர்த்தார். அதை நிரப்பியவர்களின் எண்கள் பேசுகின்றன. இன்டெல் பிஸ்டேட்: தாமதம் 20 மைக்ரோ நொடி, இடைவெளி 500. வன்பொருளே வேகத்தை நிர்ணயிக்கும் எச்டபிள்யூபி முறையில் இடைவெளி 5000. ஏஎம்டி பிஸ்டேட்: தாமதம் 20, இடைவெளி 1000. விகிதங்கள் 25, 250, 50. அந்த 500 என்பது டிரெஸ்டனில் அளந்த வாய்ப்பு இடைவெளியோடு ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. தம் வன்பொருளை அறிந்தவர்கள் யாரும் 1.5-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை, 1000-ஐயும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண், நெஹலெமின் 4-உம் ஸ்கைலேக்கின் 5.6-உம் வேறுபடுவது போல.

ஆர்ம் பலகைகளுக்கான டிவைஸ் ட்ரீயில் இந்தச் சமனின்மை இன்னும் கண்கூடு. உறக்க நிலை ஒவ்வொன்றுக்கும் நுழைவுத் தாமதம், விழிப்புத் தாமதம், குறைந்தபட்சத் தங்கல் காலம், எழுப்பும் தாமதம் என்று நான்கு எண்களுக்கு இடம் உண்டு. அதே கோப்பில், அதே செயலியின் வேக நிலைகளுக்குக் கடிகாரத் தாமதம் என்ற ஓர் எண்தான். மின்னழுத்தம் நகர ஆகும் நேரத்தை ரெகுலேட்டரிடம் கேட்டுக் கெர்னலே கூட்டிக்கொள்ளும். அந்த ஓர் எண்ணும் பல பலகைகளில் காலியாகவே கிடக்கிறது. இப்போது காலியிடத்துக்கு 1 மில்லி நொடி வரும். ஒன்றரை மடங்காகி 1.5 மில்லி நொடி இடைவெளியாகும். ஐ2சி வழியே மெதுவாக நகரும் ரெகுலேட்டர் உள்ள ஒரு பலகைக்கு அது சரியாக இருக்கலாம். சில்லுக்குள்ளேயே வேகம் மாற்றும் பலகைக்கு அது மிகை. எட்டர்னலை யாரும் அளந்து மறுக்க முடியாது. 1 மில்லி நொடியை மறுக்கலாம்: பலகையில் வேகத்தை மாற்றச் சொல்லி, புதிய வேகம் வரும்வரை எண்ணி, வந்த எண்ணை அந்தக் காலியிடத்தில் எழுதினால் போதும்.